சேற்று வயலுக்குப் பெரிய டயர்: மாற்றும் முன் அடித்தட்டைப் பாருங்கள்

தாளடி நடவுக்குச் சேறு அடிக்கும் நேரத்தில் டெல்டா உழவர்களிடமிருந்து எனக்கு அதிகம் வரும் கேள்விகளில் ஒன்று இது: "சார், டிராக்டர் வயலில் உட்கார்ந்துவிடுகிறது. பின்பக்கம் பெரிய டயர் போட்டால் சரியாகிவிடுமா?"

கடந்த தாளடியின்போது திருவாரூர்ப் பக்கத்து உழவர் ஒருவர் கேட்டது வேறு மாதிரி. அவர் ஏற்கெனவே 13.6-28 டயரைக் கழற்றிவிட்டு 14.9-28 போட்டிருந்தார். டயர், ட்யூப், ரிம் எல்லாம் புதிது. கையில் இருந்த பணத்தைக் கொட்டியும் வண்டி முன்பு புதைந்தது போலவே புதைந்தது. நேரில் போய்ப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. டயரில் 26 பவுண்டு காற்று இருந்தது. வாய்க்காலை ஒட்டிய வயலில் இரும்புக் கம்பியைக் குத்தினால் முழங்கால் உயரத்துக்கு இறங்கியது. காற்றைக் குறைத்த பிறகு மூன்று வயலில் இரண்டில் வண்டி நன்றாக ஓடியது. வாய்க்கால் ஓர வயலில் மட்டும் எதுவும் உதவவில்லை. அங்கே கோளாறு டயரில் இல்லை, மண்ணில் இருந்தது.

டயர் வாங்கக் கிளம்பும் முன் நீங்கள் பார்க்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

டிராக்டர் ஏன் புதைகிறது?

நெல் வயலில் மேலே மென்மையான சேறு இருக்கும். அதற்குக் கீழே, பல ஆண்டு உழவாலும் மிதியாலும் இறுகிய ஒரு அடித்தட்டு இருக்கும். வயலில் தண்ணீர் நிற்பதும், மாடும் ஆளும் டிராக்டரும் புதையாமல் நடப்பதும் அந்தத் தட்டின் தயவால்தான்.

டிராக்டர் சேற்றில் ஓட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அகலமான டயரில் எடையைப் பரப்பிச் சேற்றின் மேலாகவே போவது. மற்றொன்று, சேற்றைக் கிழித்து இறங்கி, அடித்தட்டில் கால் ஊன்றிப் போவது. முதல் வழிக்கு அகலமும் குறைந்த காற்றும் வேண்டும். இரண்டாவது வழிக்கு அகலம் முக்கியமல்ல, உயரமும் ஆழமான பட்டனும்தான் வேண்டும். உங்கள் வயலுக்கு எந்த வழி பொருந்தும் என்பது அடித்தட்டு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கம்பிச் சோதனை

கட்டைவிரல் பருமனுள்ள நான்கடி இரும்புக் கம்பியை எடுத்து, சாண் அளவில் ஒரு கோடும், ஒன்றேகால் அடியில் ஒரு கோடும் போட்டுக்கொள்ளுங்கள். வயலில் தண்ணீர் கட்டி இரண்டு மூன்று நாள் ஊறிய பிறகு, இரண்டு கைகளாலும் பிடித்துச் சீராக அழுத்துங்கள். ஓங்கிக் குத்த வேண்டாம். ஏக்கருக்குப் பத்து இடத்திலாவது பாருங்கள். மடை ஓரம், வாய்க்கால் ஓரம், அறுவடை இயந்திரம் திரும்பிய தலைமாடு ஆகிய இடங்களை விட்டுவிடாதீர்கள்.

- சாண் அளவுக்குள் கம்பி நின்றால்: அடித்தட்டு நன்றாக இருக்கிறது. பெரிய டயர் தேவையில்லை. பட்டன் தேயாத டயரும் அரை கேஜ் வீலும் போதும்.

- ஒரு சாணுக்கும் ஒன்றேகால் அடிக்கும் இடையில் நின்றால்: ஒரு படி பெரிய டயர் உதவும். ஆனால் காற்றைக் குறைத்து ஓட்டினால்தான் உதவும்.

- ஒன்றேகால் அடியைத் தாண்டி இறங்கினால்: அங்கே டிராக்டரை இறக்காதீர்கள். பல டிராக்டர்களின் அடிவயிறு தரையிலிருந்து ஒன்றேகால் அடி முதல் ஒன்றரை அடி உயரத்தில்தான் இருக்கிறது. சக்கரம் அந்த அளவுக்கு இறங்கினால் அடிவயிறு சேற்றில் உட்காரும். அதன்பின் எந்த டயரும் வண்டியை நகர்த்தாது. இப்படிப்பட்ட இடத்துக்குப் பவர் டில்லர்தான் ஏற்றது.

புதைந்த வண்டியை ஆக்சிலரேட்டரை மிதித்து வெளியே எடுக்கப் பார்த்தால், சுழலும் டயர் அடித்தட்டைத் தோண்டி உடைத்துவிடும். அந்த இடத்தில் தண்ணீர் நிற்காது. அடுத்த ஆண்டு அதே இடம் இன்னும் பெரிய உளையாகும். வண்டி புதைந்ததால் வரும் செலவைவிட இந்த நஷ்டம் பெரியது.

டயர் எண்ணைப் படிப்பது எப்படி?

13.6-28 என்றால் டயரின் அகலம் சுமார் 13.6 அங்குலம், அது உட்காரும் ரிம்மின் விட்டம் 28 அங்குலம். நம் ஊர் டிராக்டர்களில் பரவலாகக் காணப்படும் பின் டயர்கள் 12.4-28, 13.6-28, 14.9-28, 16.9-28 ஆகியவை. ரிம் விட்டம் எல்லாவற்றுக்கும் 28தான். அதனால் எதையும் எதிலும் மாட்டிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ரிம்மின் அகலமும் பொருந்த வேண்டும். 12.4 டயருக்கு 11 அங்குல ரிம், 13.6-க்கு 12, 14.9-க்கு 13 என்பது வழக்கமான பொருத்தம். குறுகிய ரிம்மில் அகல டயரைப் போட்டால் டயரின் நடுப்பகுதி புடைத்துக்கொள்ளும். தரையில் படும் அகலம் கூடாது. நடுப் பட்டன் மட்டும் சீக்கிரம் தேயும். ரிம்மில் அடித்திருக்கும் எழுத்தைப் பாருங்கள். டபிள்யூ 12 என்று இருந்தால் அது 12 அங்குல ரிம்.

13.6-28 டயரின் மொத்த விட்டம் சுமார் 1310 மில்லிமீட்டர். 14.9-28 டயருக்குச் சுமார் 1365. வண்டி உயர்வது இந்த வித்தியாசத்தில் பாதிதான், அதாவது ஒரு அங்குலம். ஒரு படி பெரிய டயரால் கிடைக்கும் உயரம் அவ்வளவே. ஆகவே உயரத்துக்காக டயர் மாற்றுவது வீண்செலவு. அகலத்துக்காக, அதுவும் காற்றைக் குறைத்து ஓட்டுவதற்காக மட்டும் மாற்றுங்கள்.

பட்டன் வகை

டயரின் பக்கவாட்டில் ஆர்-1, ஆர்-2 என்று ஆங்கில எழுத்தில் இருக்கும். ஆர்-1 சாதாரண உழவுக்கும் சாலைக்கும் பொதுவானது. ஆர்-2 நெல், கரும்பு வயல்களுக்கென்றே செய்யப்பட்டது. அதன் பட்டன் ஆர்-1-ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆழமாக இருக்கும். ஈரக் களிமண்ணில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் தார்ச்சாலையில் வேகமாகத் தேயும்.

உங்கள் டிராக்டர் ஆண்டு முழுவதும் எங்கே ஓடுகிறது என்று கணக்குப் போடுங்கள். டிரெய்லர் இழுப்பும் புழுதி உழவும் அதிகமென்றால் ஆர்-1 டயரை வைத்துக்கொண்டு, சேற்றுக்கு மட்டும் கேஜ் வீலை மாட்டுவதே மலிவு. கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஓட்டக் கூடாது. சாலையைக் கொத்திவிடும். வயலுக்குப் போன பிறகு மாட்டி, திரும்பும் முன் கழற்றிவிடுங்கள். வாடகைக்குச் சேறு அடிப்பதே முக்கியத் தொழிலாக இருந்து, சாலை ஓட்டம் குறைவாக இருந்தால் ஆர்-2 பற்றி யோசிக்கலாம்.

காற்றுதான் முக்கியம்

டயர் மண்ணை அழுத்தும் அழுத்தம், ஏறத்தாழ அதற்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தை ஒட்டியே இருக்கும். 26 பவுண்டு காற்றுள்ள பெரிய டயர், 14 பவுண்டு காற்றுள்ள சிறிய டயரைவிட மண்ணை அதிகமாக அழுத்தும். சாலையில் நெல் மூட்டை ஏற்றிப் போகக் கூட்டி வைத்த காற்றோடு அப்படியே வயலில் இறங்குவதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு.

பின் டயருக்கு வயலில் பொதுவாக 12 முதல் 15 பவுண்டு போதும். டயர் நிறுவனமும் டிராக்டர் கையேடும் சொல்லும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாதீர்கள். மிகக் குறைத்தால் ரிம்முக்குள் டயர் வழுக்கிச் சுற்றும். ட்யூபின் வால்வு அறுந்துவிடும். டயரிலும் ரிம்மிலும் சேர்த்து ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு வையுங்கள். கோடு விலகினால் டயர் சுற்றுகிறது என்று பொருள். காற்றைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

வயல் வேலை முடிந்து டிரெய்லர் மாட்டும் முன் மறுபடி காற்றை ஏற்றுங்கள். குறைந்த காற்றில் பாரம் இழுத்தால் டயரின் பக்கவாட்டு வெடிப்பு விடும். ஒரு நல்ல காற்றுமானியும், 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறிய கம்பிரசரும் வாங்கி வையுங்கள். அதற்கு ஆகும் செலவு புது டயர் விலையில் சிறு பங்குதான். பலருக்கு இதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

புழுதி உழவுக்காகச் சக்கரத்தில் மாட்டிய இரும்பு எடைகளையும், டயருக்குள் நிரப்பிய தண்ணீரையும் சேற்று வேலைக்கு முன் எடுத்துவிடுங்கள். காய்ந்த நிலத்தில் பிடிப்பைத் தரும் அந்த எடைதான் சேற்றில் வண்டியைக் கீழே இறக்கும்.

வழுக்கலை நீங்களே அளக்கலாம்

பின் டயரில் ஒரு அடையாளம் வைத்து, காய்ந்த வயலில் கருவி இல்லாமல் சக்கரம் பத்துச் சுற்று சுற்றும்வரை ஓட்டித் தூரத்தை அளங்கள். 13.6-28 டயருக்கு இது 39 மீட்டர் அளவில் வரும். பிறகு சேற்றில் ரோட்டாவேட்டரைத் தூக்கி வைத்துக்கொண்டு அதே பத்துச் சுற்று ஓட்டுங்கள். ரோட்டாவேட்டரை இறக்கி அளந்தால் கணக்குத் தவறும், ஏனென்றால் அதன் கத்திகள் வண்டியை முன்னால் தள்ளும்.

சேற்றில் 33 மீட்டர் வந்தால் வழுக்கல் ஏறத்தாழ 15 சதவீதம், கவலை இல்லை. 27 மீட்டருக்குக் கீழே போனால் பத்துச் சுற்றில் மூன்று சுற்று வீண். டீசலும் போகிறது, அடித்தட்டும் தோண்டப்படுகிறது. முதலில் காற்றைக் குறைத்து அளங்கள். பிறகு கேஜ் வீல் மாட்டி அளங்கள். இரண்டுக்கும் பிறகும் சரியாகவில்லை என்றால்தான் டயர் அளவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பெரிய டயர்தான் என்று முடிவு செய்தால்

1. டிராக்டர் கையேட்டில் அந்த மாடலுக்கு அனுமதித்த டயர் அளவுகள் இருக்கும். அதற்குள் மட்டும் தேர்ந்தெடுங்கள். மீறினால் வாரண்டி போகும். கியர் பெட்டிக்கும் ஆக்சிலுக்கும் கூடுதல் சுமை ஏறும்.

2. 13.6-லிருந்து 14.9-க்கு மாறினால் அதே கியரில், அதே இன்ஜின் சுற்றில், வண்டி ஏறத்தாழ 4 சதவீதம் வேகமாகப் போகும். அதே அளவு இழுவை குறையும். குதிரைத்திறன் குறைந்த வண்டி சேற்றில் திணறினால் ஒரு கியர் கீழே இறக்கி ஓட்டுங்கள்.

3. நான்கு சக்கர இழுவை வண்டி என்றால் பின் டயரை மட்டும் மாற்றவே கூடாது. முன் சக்கரமும் பின் சக்கரமும் குறிப்பிட்ட விகிதத்தில் சுற்றும்படி கியர் அமைந்திருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, டயர் தேய்ந்து, முன் ஆக்சில் கியர் பழுதாகும். கையேட்டில் சொன்ன ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

4. மட்கார்டு, கீழ் லிங்க் கம்பி ஆகியவற்றுக்கும் டயருக்கும் இடையில் இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். காய்ந்தபோது உரசாத டயர், சேறு அப்பிய பிறகு உரசும்.

5. இரண்டு பின் டயரும் ஒரே அளவு, ஒரே வகை, ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் நேர்ச்சாலில்கூட டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்து தேயும்.

6. வண்டியின் உயரம் மாறுவதால் ரோட்டாவேட்டரின் மட்டத்தையும் பி.டி.ஓ. தண்டின் சாய்வையும் மறுபடி சரிபாருங்கள்.

மாட்டும்போது கவனம்

கெட்டியான, சமமான தரையில் மட்டும் ஜாக்கி வையுங்கள். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஆக்சிலின் கீழே உறுதியான தாங்கி வையுங்கள்.

டயரின் பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். சரியாக மாட்டியிருந்தால், டிராக்டருக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது பட்டன்கள் கூரை முகடுபோல் மேல்நோக்கிக் கூம்பி இருக்கும். தலைகீழாக இருந்தால் இடது வலது மாறிவிட்டது என்று அர்த்தம். மாறி மாட்டிய டயர் சேற்றை வெளியே தள்ளாமல் நடுவில் அடைத்துக்கொள்ளும்.

புது டயருக்குப் புது ட்யூப் போடுங்கள். ரிம் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, டயர் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸோ ஆயிலோ வேண்டாம், ரப்பரைக் கெடுக்கும். ஒருமுறை காற்றடித்து, முழுவதும் இறக்கி, மறுபடி அடித்தால் ட்யூபில் விழுந்த மடிப்பு விலகும்.

டயர் விளிம்பு ரிம்மில் உட்காரவில்லை என்று காற்றை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். 35 பவுண்டைத் தாண்டக் கூடாது. அதற்குள் உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி முயலுங்கள். விளிம்புக் கம்பி அறுந்து டயர் வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. காற்றடிக்கும்போது டயரின் மேல் குனியாமல், நீள ஹோஸ் வைத்துத் தள்ளி நில்லுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்குங்கள். முதல் சில மணி நேர வேலைக்குப் பிறகு ஒருமுறை மறுபடி முடுக்குங்கள்.

வண்டி உட்கார்ந்துவிட்டால்

சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். கருவியைத் தூக்கி, வந்த தடத்திலேயே பின்னால் எடுக்கப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால், கிளட்சை மிதித்துச் சக்கரம் நின்ற பிறகு டிஃபரன்ஷியல் லாக்கைப் போட்டு நேராக எடுங்கள். லாக் போட்டபடி திருப்பாதீர்கள்.

பின் சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி முன்னால் எடுப்பதைப் பல ஊரில் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். சக்கரம் சுற்ற முடியாமல் பிடித்துக்கொண்டால், இன்ஜினின் விசை வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கும். ஓரிரு நொடியில் வண்டி ஓட்டுநர் மேலேயே கவிழும், குதிக்க நேரம் இருக்காது. இன்னொரு டிராக்டரால் இழுத்து எடுங்கள். இழுக்கும் வண்டியில் சங்கிலியைத் தாழ்வான டிராபாரில் மட்டும் மாட்டுங்கள். மேல் லிங்க்கிலோ ஆக்சிலிலோ மாட்டக் கூடாது.

உளையான வயலுக்கு என்ன வழி?

திருவாரூர் உழவரின் வாய்க்கால் ஓர வயலுக்கு வருவோம். நெல்லுக்குப் பின் நெல் என்று இடைவிடாமல் சேறடித்துப் பயிர் செய்யும் வயல்களில் மண் பொதபொதவென்று ஆகி, ஆளே புதையும் நிலை வருவதுண்டு. இதற்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஒன்று உண்டு. அறுவடைக்குப் பிறகு, மண் பொலபொலவென்று உதிரும் அளவுக்கு ஈரம் இருக்கும்போது, 400 கிலோ எடையுள்ள கல் உருளையை, அல்லது கற்கள் நிரப்பிய எண்ணெய் டிரம்மை, வயலில் எட்டு முறை உருட்ட வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும். மண் கூழாக இருக்கும்போதும் கட்டாந்தரையாகக் காய்ந்த பிறகும் உருட்டிப் பயனில்லை.

வாய்க்காலிலிருந்து கசிவு இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும். அந்த இடத்தில் உளிக்கலப்பை போட்டு ஆழமாக உழவும் வேண்டாம். அந்த உழவர் இந்தக் கோடையில் உருளை போட ஒப்புக்கொண்டிருக்கிறார். அதுவரை அந்த ஒரு வயலை மட்டும் பவர் டில்லரால் சேறடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீங்களும் இந்தப் பருவத்தில் வண்டி திணறும் இடங்களில் ஒரு குச்சி நட்டு, வரப்பிலிருந்து எத்தனை தப்படி என்று குறித்து வையுங்கள். நெல் மறைத்துவிட்டால் பிறகு இடம் தெரியாது. குறிப்பு கையில் இருந்தால் கோடையில் எங்கே உருளை போடுவது என்று தெளிவாகத் தெரியும். பெரிய டயர் வாங்க வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி உங்கள் கையிலேயே மிஞ்சவும் கூடும்.